ஆன்டிபாடி ஊசி போட்டால் தலைக்குள் இருக்கும் பூஞ்சை போய்விடுமா, டாக்டர்?

தென் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

கணவருக்கு 47 வயது. மூன்று வருடங்களுக்கு முன்பு அவருடைய அம்மாவே ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்து, மாற்று அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்க எதிர்ப்பு சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரெட்னிசோலோன் மாத்திரைகள் மூன்றையும் அன்றிலிருந்து சாப்பிட்டு வருகிறார். சில மாதங்களுக்கு முன்பு தலைவலி தொடங்கியது. சைனஸ் என்று நினைத்து மூன்று வாரம் ஓடிவிட்டது. பிறகு வாந்தி, ஒன்று இரண்டாகத் தெரிவது, பேச்சில் குழறல். முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பார்த்தபோது, கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையால் வந்த மூளைக்காய்ச்சல் என்று தெரிந்தது. இரண்டு வாரம் மருத்துவமனையில் வைத்து ஆம்போடெரிசின் என்ற பூஞ்சைக்கொல்லி ஊசி போட்டார்கள். இப்போது புளூகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மாத்திரையோடு வீட்டில் இருக்கிறார். தலைவலி பெரும்பாலும் போய்விட்டது.

ஆனால் வீட்டில் நிம்மதி இல்லை. முதல் ரிப்போர்ட்டில் 1:1024 என்று இருந்ததைப் பார்த்து, வாசகியின் தம்பி “ஆன்டிபாடி ஆயிரத்துக்கு மேல இருக்கு, நல்லதுதான்” என்றாராம். ஆறு வாரம் கழித்து அது 1:256 ஆகிவிட்டது. எதிர்ப்பு சக்தி இறங்குகிறதே என்று பயம். இன்னொரு பக்கம், ஆபரேஷனுக்கு முன்னால் “ஆன்டிபாடி இருக்கக் கூடாது” என்று சொல்லித்தானே அத்தனை டெஸ்ட் எடுத்தார்கள், இப்போது இருக்கும் ஆன்டிபாடி கிட்னியைத் தாக்காதா என்ற பயம். மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கும் உறவினர் ஒருவர் இம்யூனோகுளோபுலின் ஊசி போட்டால் ஆன்டிபாடி ஏறிவிடும் என்கிறார். லட்சக்கணக்கில் ஆகும் என்பதால் நகையை அடகு வைக்கப் பேசி முடித்திருக்கிறார்கள். கணவரோ, “எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மாத்திரையை எதுக்குச் சாப்பிடணும்” என்று மைக்கோபினோலேட்டை நான்கு நாட்களாக நிறுத்திவிட்டார். மொட்டை மாடியில் புறா வளர்க்கும் 14 வயது மகன், தன்னால்தான் அப்பாவுக்கு வந்தது என்று ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. மாமியார், “என் கிட்னியோட சேர்ந்து போன வியாதி” என்று அழுகிறார்.

அம்மா, முதலில் ஒன்று செய்யுங்கள். இதை இங்கேயே நிறுத்திவிட்டு, உங்கள் சிறுநீரக மருத்துவருக்குப் போன் போட்டு, நான்கு நாள் மைக்கோபினோலேட் போகவில்லை என்று சொல்லுங்கள். திட்டுவாரோ என்று யோசிக்காதீர்கள். விட்டுப்போன மாத்திரைகளைச் சேர்த்துப் போட்டுவிடவும் வேண்டாம். அவர் என்ன சொல்கிறாரோ அதன்படி செய்துவிட்டு, மீதியை அப்புறம் படிக்கலாம்.

அந்த 1:1024 ஆன்டிபாடி அல்ல

சரி, ரிப்போர்ட்டுக்கு வருவோம். அந்தத் தாளை எடுத்து மறுபடி பாருங்கள். கிரிப்டோகாக்கல் ஆன்டிஜென் என்று இருக்கும். ஆன்டிபாடி என்று இருக்காது. இரண்டும் ‘ஆன்டி’ என்றே தொடங்குவதால் உங்கள் தம்பி மட்டுமல்ல, முதல் வருட மருத்துவ மாணவர்களும் குழம்புவார்கள். ஆன்டிஜென் என்பது பூஞ்சையின் உடலிலிருந்து கழன்று வரும் பொருள். ஆன்டிபாடி என்பது அதற்கு எதிராக நம் உடல் செய்வது. உங்கள் தாளில் இருப்பது எதிரி விட்டுப்போன சரக்கு.

1:1024 என்றால் என்ன? ரசத்தில் ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்து ருசி பார்க்கிறோம், அதில் பாதியை எடுத்து மறுபடி தண்ணீர் சேர்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து முறை இப்படிச் செய்த பிறகும் புளிப்பு தெரிகிறது என்றால், முதலில் இருந்த ரசம் எவ்வளவு புளிப்பாக இருந்திருக்க வேண்டும்! முதுகுத்தண்டு நீரில் பூஞ்சையின் பொருள் அவ்வளவு இருந்தது. இப்போது எட்டாவது முறையோடு நின்றுவிடுகிறது. ஆக, நீங்கள் பயந்த இறக்கம் நல்ல திசையில்தான் போகிறது. அதற்காக அந்த எண்ணையே பிடித்துக்கொண்டு மாதாமாதம் பார்க்கவும் வேண்டாம். பூஞ்சை செத்த பிறகும் அதன் மேலுறைப் பொருள் பல மாதங்கள் உடலில் தங்கும். அதனால்தான் இந்த எண்ணை வைத்துச் சிகிச்சையை முடிவு செய்வதில்லை. ‘கல்ச்சர்’ பரிசோதனையில் பூஞ்சை வளர்கிறதா, அவர் எப்படி இருக்கிறார், தண்டுவட நீரின் அழுத்தம் எவ்வளவு என்பவைதான் எங்களுக்கு முக்கியம்.

கிட்னியைத் தாக்குமா என்ற பயத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன் ‘கிராஸ்மேட்ச்’ என்று பார்த்தது, மாமியாரின் திசு அடையாளங்களுக்கு எதிரான ஆன்டிபாடி உங்கள் கணவரிடம் இருக்கிறதா என்பதை. அது வேறு பூட்டுக்கான சாவி. பூஞ்சைக்கு எதிராக உருவாகும் ஆன்டிபாடி சிறுநீரகத்தைத் திறக்காது.

சாம்பலும் கையும்

உங்கள் கடிதத்தின் அடியில் ஓடும் நம்பிக்கை ஒன்றுதான்: ஆன்டிபாடி ஏறினால் நோய் இறங்கும். அம்மை, மஞ்சள் காமாலைத் தடுப்பூசி பற்றியெல்லாம் கேட்டுப் பழகிய யாருக்கும் அப்படித்தான் தோன்றும். இந்தப் பூஞ்சையிடம் அந்தக் கணக்கு அப்படியே செல்லாது.

சர்பத்தில் போடும் சப்ஜா விதையை ஊறவைத்துப் பார்த்திருப்பீர்கள். நடுவில் ஒரு கருப்புப் புள்ளி, சுற்றிலும் வழவழவென்று கண்ணாடி மாதிரி ஓர் உறை. கிரிப்டோகாக்கஸும் ஏறக்குறைய அதே உருவம்தான். முதுகுத்தண்டு நீரில் ஒரு சொட்டு இந்தியன் இங்க் கலந்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால், கருப்பு மைக்கு நடுவே வட்ட வட்டமாக ஒளி தெரியும். மை நுழைய முடியாத அந்த வட்டம்தான் உறை, சர்க்கரைப் பொருளால் ஆனது. நம் உடலின் திசுக்களில் மேக்ரோபேஜ் என்ற விழுங்கும் செல்கள் இருக்கின்றன. அவை இந்த வழவழப்பைப் பிடிக்கப் போனால் நழுவிவிடும். போதாதற்கு, கழன்று மிதக்கும் உறைப் பொருள் மற்ற வெள்ளையணுக்களையும் மந்தமாக்கும்.

விலாங்கு மீனை அறுக்கும்போது வீட்டில் என்ன செய்வார்கள்? கையில் சாம்பலைத் தொட்டுக்கொள்வார்கள். ஆன்டிபாடி அந்தச் சாம்பல். பூஞ்சையின் உறைமேல் ஒட்டிக்கொண்டு, வால் பக்கத்தை வெளியே நீட்டி நிற்கும். மேக்ரோபேஜ் அந்த வாலைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். மிதக்கும் உறைப் பொருளையும் ஆன்டிபாடி அள்ளிச் சென்று அகற்றும். பூஞ்சைத் துணுக்குகளை டி செல்கள் என்ற வெள்ளையணுக்களுக்குக் காட்டும் வேலையும் இதனால் சுலபமாகிறது.

ஆனால் சாம்பல் மீனை அறுக்காது. உள்ளே இழுக்கப்பட்ட பூஞ்சை, மேக்ரோபேஜுக்குள்ளேயே உட்கார்ந்து குட்டி போடக்கூடியது. சி.டி.4 என்கிற டி செல்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற ரசாயனக் கட்டளையை அனுப்பினால்தான் மேக்ரோபேஜ் உசுப்பப்பட்டு அதைக் கொல்லும். இதைத்தான் செல் வழி எதிர்ப்பு என்கிறோம். ஹெச்.ஐ.வி. நோயாளிகளில் சி.டி.4 எண்ணிக்கை நூறுக்குக் கீழே போகும்போது இந்தப் பூஞ்சை தலைதூக்குவது அதனால்தான். மாறாக, பிறவியிலேயே ஆன்டிபாடி செய்ய முடியாத குழந்தைகளுக்குத் திரும்பத் திரும்ப வருவது பெரும்பாலும் பாக்டீரியா தொற்று. இந்தப் பூஞ்சை அவர்களுடைய முக்கியப் பிரச்சினை அல்ல.

இதை வைத்து, பூஞ்சை விஷயத்தில் ஆன்டிபாடி ஒன்றுக்கும் ஆகாது என்றே நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தோம். அதுவும் சரியில்லை என்று காட்டியது நியூயார்க்கில் ஆர்ட்டுரோ காசடெவால், மேத்யூ ஷார்ஃப் ஆகியோரின் குழு. 1995-ல் வந்த அவர்களுடைய எலி ஆய்வு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. பூஞ்சையில் ஒரே இடத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடிதான். வால் பகுதியை மட்டும் ஐ.ஜி.ஜி.3 என்ற வகையிலிருந்து ஐ.ஜி.ஜி.1 என்ற இன்னொரு வகைக்கு மாற்றினார்கள். காப்பாற்றாத ஆன்டிபாடி காப்பாற்றும் ஆன்டிபாடியாக மாறியது. 1997-ல் அடுத்த படி: அந்த நல்ல ஆன்டிபாடியையே சி.டி.4 செல் இல்லாத எலிகளுக்குக் கொடுத்தார்கள். பலன் இல்லை. 2003-ல் இன்னொன்று: அளவுக்கு மீறி ஆன்டிபாடி கொடுத்தால் பாதுகாப்பு கூடவில்லை, குறைந்தது. உங்கள் உறவினர் இந்த மூன்றையும் படித்திருந்தால் ஊசி பற்றிப் பேசியிருக்க மாட்டார்.

மனிதர்களிடமும் பார்த்தார்கள். 18பி7 என்ற ஆன்டிபாடியை, மூளைக்காய்ச்சலுக்குச் சிகிச்சை முடித்த 20 ஹெச்.ஐ.வி. நோயாளிகளுக்குக் கொடுத்த முதல் கட்ட ஆய்வு 2005-ல் வெளியானது. கூடுதல் அளவு கொடுத்தவர்களின் ரத்தத்தில் ஆன்டிஜென் கொஞ்சம் இறங்கி, பிறகு மறுபடி ஏறியது. அது மருந்தாக வெளிவரவில்லை. எந்தப் பூஞ்சைக்கும் மனிதர்களுக்கான அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசியும் இன்றுவரை கிடையாது.

போகிற போக்கில் ஒன்று சொல்கிறேன், உங்கள் கணவருக்குப் பொருந்தாது என்றாலும். ஆன்டிபாடி எதிர்ப்பக்கம் சாய்வதும் உண்டு. தாய்லாந்து, தைவான் நோயாளிகளை ஆராய்ந்து 2012-ல் வந்த ஆய்வில், சொந்த இன்டர்ஃபெரான் காமாவையே முடக்கும் ஆன்டிபாடிகளை உடல் தயாரிப்பது தெரிந்தது. ஹெச்.ஐ.வி. இல்லாமலே, அந்த நோயாளிகளைத் தாக்கும் கிருமிகளில் நம்முடைய பூஞ்சையும் ஒன்று. எந்தக் காரணமும் தெரியாமல் ஒருவருக்கு இந்த மூளைக்காய்ச்சல் வந்தால் இப்போதெல்லாம் இதையும் தேடச் சொல்கிறோம். உங்கள் வீட்டில் காரணம் தெளிவு: சிறுநீரகத்துக்காக நாமே டி செல்களின் கையைக் கட்டி வைத்திருக்கிறோம்.

நகையை வைக்கும் முன்

இம்யூனோகுளோபுலின் என்பது ஆயிரக்கணக்கான தானதாரர்களின் பிளாஸ்மாவிலிருந்து எடுத்த கலவை ஆன்டிபாடி. சிறுநீரக வார்டில் இந்தப் பெயரை நீங்கள் முன்பே கேட்டிருப்பீர்கள், ஏனென்றால் ஆன்டிபாடியால் வரும் உறுப்பு நிராகரிப்புக்கு அதைப் பயன்படுத்துவதுண்டு. ஆனால் கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சலுக்கு அது சிகிச்சை அல்ல. மேலே சொன்ன உவமையில், கட்டப்பட்ட கையில் இன்னும் ஒரு பிடி சாம்பலை வைப்பது போல.

ஆபத்தும் உண்டு. அந்த ஊசி சில நேரம் சிறுநீரகத்தைப் பாதிக்கும், ரத்தம் உறைவதைத் தூண்டும். இன்னொரு வேடிக்கை, சிலருக்குக் கிருமியே இல்லாத மூளை உறை அழற்சியை உண்டாக்கும்: தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு. உங்கள் கணவருக்கு அந்த அறிகுறிகள் வந்தால் பூஞ்சை திரும்பியதா, ஊசியின் வேலையா என்று தெரியாமல் எல்லோரும் ஓட வேண்டியிருக்கும்.

ஒரே ஒரு விதிவிலக்கு. மாற்று சிகிச்சைக்குப் பிறகு சிலருக்கு, ரத்தத்தில் உள்ள முக்கிய ஆன்டிபாடி வகையான ஐ.ஜி.ஜி.யின் மொத்த அளவே மிகவும் குறைந்துவிடும். அது ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரியும். அந்த அளவு மிகக் குறைவாக இருந்து, தொற்றுகளும் திரும்பத் திரும்ப வந்தால் மருத்துவர்களே இந்த ஊசியைப் பற்றி யோசிப்பார்கள். அந்த அளவைப் பார்க்காமல் அடகுக்கடைக்குப் போகாதீர்கள். இரண்டாவது கருத்து கேட்க விரும்பினால் தயங்க வேண்டாம். சிகிச்சைக் குறிப்புகளின் நகலை நோயாளியோ அவருடைய பொறுப்பாளரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-ம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் விதிகள் சொல்கின்றன. எழுத்தில் கேளுங்கள்.

“எதிர்ப்பைக் குறைக்கிற மாத்திரை எதுக்கு?”

உங்கள் கணவரின் கேள்வி முட்டாள்தனமானது அல்ல. டாக்ரோலிமஸ் டி செல்லை அடக்குகிறது, மைக்கோபினோலேட் டி செல்களும், ஆன்டிபாடி செய்யும் பி செல்களும் பெருகுவதைத் தடுக்கிறது, பிரெட்னிசோலோன் மேக்ரோபேஜையும் சேர்த்து மந்தமாக்குகிறது. இவற்றைக் குறைத்தால் பூஞ்சைக்கு எதிரான கை அவிழும். அதனால் நாங்களே குறைப்போம், பெரும்பாலும் ஸ்டீராய்டான பிரெட்னிசோலோனிலிருந்து தொடங்கி, படிப்படியாக.

சட்டென்று நிறுத்தினால் இரண்டு விதத்தில் வினை வரும். ஒன்று, அவிழ்ந்த கை மாமியார் கொடுத்த சிறுநீரகத்தையும் அடிக்கும். மற்றது, மூளை உறையில் கிடக்கும் பூஞ்சைக் குப்பைமேல் டி செல்கள் ஒரே நேரத்தில் பாய்ந்து, பூஞ்சை செத்துக்கொண்டிருக்கும் நேரத்திலேயே வீக்கமும் அழுத்தமும் ஏறும். தென்னாப்பிரிக்காவில் 2012-ல் வந்த ஓர் ஆய்வில், ஹெச்.ஐ.வி. நோயாளிகளுக்கு இன்டர்ஃபெரான் காமாவைச் சேர்த்துக் கொடுத்தபோது பூஞ்சை வேகமாக மறைந்தது. அதை உங்கள் கணவருக்குக் கொடுக்கத் தயங்குவதும் இதே காரணத்தால்தான், சிறுநீரகத்தை நிராகரிக்கத் தூண்டிவிடலாம்.

இன்னொரு விஷயத்தை யாரும் உங்களிடம் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். புளூகோனசோல், ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும். அதற்கேற்ப டாக்ரோலிமஸைக் குறைத்திருப்பார்கள். நாளை புளூகோனசோல் அளவைக் குறைக்கும்போதோ நிறுத்தும்போதோ, டாக்ரோலிமஸ் இறங்கிவிடும். சிறுநீரகத்துக்கு அது ஆபத்தான வாரம். ஒவ்வொரு முறை மாத்திரை மாறும்போதும், “டாக்ரோலிமஸ் லெவல் எப்போது பார்க்கணும்?” என்று கேட்டுத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். புளூகோனசோல் இன்னும் பல மாதங்கள், சில நேரம் ஒரு வருடம்வரை ஓடும். தலைவலி போய்விட்டது என்று நிறுத்திவிடக் கூடாது.

முதுகில் மறுபடி நீர் எடுத்தால் இடுப்பு போய்விடும் என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். போகாது. இந்த நோயில் பார்வையையும் உயிரையும் பறிப்பது பெரும்பாலும் ஏறிய அழுத்தம்தான். நீர் எடுப்பது பரிசோதனை மட்டுமல்ல, அதுவே வைத்தியமும். தலைவலி கூடினால், வாந்தி வந்தால், பார்வை மங்கினால், தூக்கக் கலக்கமாக இருந்தால் காலைவரை காத்திருக்காமல் கிளம்புங்கள்.

மாமியாரும் மகனும்

மாமியாரிடம் இப்படிச் சொல்லுங்கள். தானம் கொடுத்த உறுப்போடு இந்தப் பூஞ்சை போவது அபூர்வம். போனாலும் பொதுவாக முதல் சில வாரங்களிலேயே வெளிப்பட்டுவிடும். மூன்று வருடம் கழித்து வந்ததற்கு அவர் பொறுப்பல்ல. உங்கள் கணவர் சமைப்பதாலோ, அவரோடு ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ யாருக்கும் ஒட்டாது, ஆளுக்கு ஆள் பரவும் நோயே அல்ல. நாத்தனார் நெட்டில் பார்த்துவிட்டு எய்ட்ஸ் என்று பேசுகிறாராம். இந்த நோய் வந்த யாருக்கும் ஒரு முறை ஹெச்.ஐ.வி. பார்ப்பது வழக்கம். உங்கள் கணவருக்குப் பார்த்து, இல்லை என்று வந்தும் விட்டது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மகன் விஷயத்தில் மழுப்பாமல் சொல்கிறேன், பதினாலு வயதுப் பையனிடம் பொய் நிற்காது. புறா எச்சத்துக்கும் இந்தப் பூஞ்சைக்கும் தொடர்பு உண்டு, 1955-லேயே செஸ்டர் எம்மன்ஸ் என்ற பூஞ்சை ஆய்வாளர் காட்டிவிட்டார். சிறுநீரக மாற்று செய்துகொண்ட ஓர் அமெரிக்கப் பெண்ணுக்கு அவர் வளர்த்த காக்கட்டூ கிளியிடமிருந்து வந்ததாக 2000-ல் ஒரு பதிவும் இருக்கிறது. ஆனால் மண்ணிலும் மரப்பொந்திலும்கூட இது இருக்கிறது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் குழந்தைகளின் ரத்தத்தைப் பார்த்தபோது, இரண்டு வயதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு இந்தப் பூஞ்சைக்கான ஆன்டிபாடி ஏற்கெனவே இருந்தது. அதாவது நம்மில் பலரும் எப்போதோ மூச்சில் இழுத்துவிட்டோம், நோயாகாமல் உள்ளே அடங்கிக் கிடக்கலாம். ஆப்பிரிக்காவிலிருந்து வந்து பல வருடங்களாகப் பிரான்ஸில் வாழ்ந்த நோயாளிகளுக்கு ஆப்பிரிக்க வகைப் பூஞ்சை வந்ததைக் கண்டுபிடித்ததும் இதைத்தான் காட்டுகிறது. உங்கள் கணவருக்கு வந்தது அவருடைய சிறு வயதில் புகுந்ததா, மாடியில் புகுந்ததா என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

புறாக்களை வேறொரு வீட்டுக்கு மாற்றிவிடுங்கள், யாரையும் தண்டிப்பதற்காக அல்ல. மகனையே நல்ல இடமாகப் பார்க்கச் சொல்லுங்கள், பேரம் அவனே பேசட்டும். கூண்டு போன பிறகு மாடியைச் சுத்தம் செய்பவர் மாஸ்க் போட்டுக்கொண்டு, எச்சத்தின்மேல் தாராளமாகத் தண்ணீர் தெளித்து, நன்றாக ஊறிய பிறகு வழித்தெடுக்க வேண்டும். காய்ந்ததைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, தூசி கிளம்பும். அன்றைக்கும் அடுத்த நாளும் உங்கள் கணவர் மாடிப்படி பக்கம் வரவேண்டாம்.